எண்ணிப் பார்த்த பின் மருந்து: தக்காளித் தோட்டத்தில் பொருளாதாரச் சேத நிலை

தென்காசி மாவட்டத்தின் பாவூர்சத்திரம், ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் வட்டாரங்களில் கிணற்றுப் பாசனத் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் ஆண்டுக்கு ஒரு பட்டமாவது தக்காளி நடுகிறார்கள். புதிதாக நடுகிறவர் இலையில் ஓட்டையையோ காயில் துளையையோ முதன்முதலாகப் பார்த்ததும் மருந்துக் கடையில் போய்க் கேட்கும் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது மருந்து அடிக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு உத்தேசமாக அல்லாமல் கணக்கோடு விடை சொல்ல உதவும் கருத்தையே வேளாண் அறிவியலில் பொருளாதாரச் சேத நிலை என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் இதைத் தம் தோட்டத்தில் பயன்படுத்தலாம்.

ஒரு பூச்சி வயலில் இருப்பது ஒன்று. அது நமக்கு நட்டம் உண்டாக்குவது வேறொன்று. தக்காளிச் செடி தன் இலைகளில் ஒரு பகுதியை இழந்தாலும் காய்ப்பில் பெரிய குறை வைப்பதில்லை; ஆயிரம் காய்களில் நான்கு காய்கள் புழுவால் போனால், அந்த நான்கு காய்களின் விலையைவிட அவற்றைக் காப்பாற்றச் செலவிடும் மருந்து, டீசல், கூலி ஆகியவற்றின் தொகை மிகுதியாகவே இருக்கும். பூச்சியால் வரும் இழப்பும் அதைத் தடுக்க ஆகும் செலவும் சமமாகும் இடத்தில் நிற்கும் பூச்சி எண்ணிக்கையே பொருளாதாரச் சேத நிலை. எண்ணிக்கை அதற்குக் கீழே இருக்கும்போது மருந்தடிப்பவர், தம் பணத்தைக் கொண்டுபோய்ப் பூச்சிக்குக் கொடுக்கிறார். நாம் முடிவெடுத்து, மருந்து வாங்கி, ஆள் பிடித்து அடிப்பதற்குள் பூச்சி பெருகிவிடும் என்பதால், அந்த நிலையை எட்டுவதற்குச் சற்று முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அப்படிச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையைச் செயல் வரம்பு எனலாம்.

இந்தக் கருத்தை 1959ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நான்கு பூச்சியியலாளர்கள் முறையாக வரையறுத்து எழுதினார்கள். அவர்கள் கண்முன்னே இருந்தது தக்காளி அன்று. குதிரைமசால் என்னும் தீவனப் பயிரில் வந்த, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. அடித்த மருந்தையே தாங்கிக்கொள்ளப் பழகிய அசுவினியும், அதே மருந்தால் அழிந்துபோன நன்மை செய்யும் பூச்சிகளும் அவர்களை இந்த எண்ணத்துக்குக் கொண்டுவந்தன. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று இன்று எல்லோரும் சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

விலை மாறினால் வரம்பும் மாறும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 15,000 செடிகள் நிற்கும். ஒருமுறை மருந்தடிக்க மருந்தும் கூலியுமாக 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கிலோ 5 ரூபாய்க்குப் போகும் நாளில் 1,500 ரூபாய் என்பது 300 கிலோ தக்காளி. ஒரு காய் 60 கிராம் என்று கொண்டால் 5,000 காய்கள். அதாவது மூன்று செடிக்கு ஒரு காய் வீதம் இழக்கும் நிலை வந்தால்தான் அந்தச் செலவு ஈடாகும். அதே தக்காளி 30 ரூபாய்க்குப் போனால் 1,500 ரூபாய் என்பது வெறும் 50 கிலோ, 833 காய்கள்; பதினெட்டுச் செடிக்கு ஒரு காய் போனாலே செலவுக்குச் சமமான இழப்பு வந்துவிடுகிறது.

காயைத் துளைக்கும் ஒரு புழு, கூட்டுப்புழு ஆவதற்குள் ஐந்து காய்களைக் கெடுக்கிறது என்று வைத்துக் கணக்கை நீட்டினால், முதல் விலையில் பதினைந்து செடிக்கு ஒரு புழுவும், இரண்டாவது விலையில் தொண்ணூறு செடிக்கு ஒரு புழுவும் நம் சேத நிலையாகின்றன. எந்த மருந்தும் எல்லாப் புழுக்களையும் கொல்வதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். இழப்பில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்த மருந்து தடுக்கும் என்றால், முதல் கணக்கில் 300 கிலோ என்பது 450 கிலோவாக உயரும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் கிடையாது; 2023 ஜூலையில் தக்காளி சில்லறை விலை 100 ரூபாயைத் தாண்டி நின்றபோது இருந்த வரம்பும், பறிகூலிக்கே கட்டாத நாளில் இருக்கும் வரம்பும் ஒன்றாக இருக்க முடியாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு போகும் இந்தப் பகுதியில், அங்கே தேவை ஏறி இறங்கும்போது நம் விலையும் ஏறி இறங்குவதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். அடுத்ததாக, விலை கூடக்கூட நாம் இன்னும் நிறையச் செடிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறில் ஒரு செடியில் இருக்கும் புழுவை இருபது செடிகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் பெரும்பாலும் காணமாட்டார். நல்ல விலை உள்ள காலத்தில் நூறு செடிகளையாவது பார்ப்பதே முறை.

எண்ணுவது எப்படி

வாரம் இருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடக்க வேண்டும். வரப்போரத்துச் செடிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஓரத்தில் எப்போதும் பூச்சி கூடுதலாகவே தெரியும். ஐந்து இடங்களில் நின்று, ஓரிடத்துக்கு ஐந்து செடி வீதம் பார்ப்பது சாதாரண காலத்துக்குப் போதும். ஒவ்வொரு செடியிலும் நுனிக்குருத்து, பூங்கொத்து, அதற்கு அடுத்துள்ள இலைகளின் இரு பக்கம், பிஞ்சு ஆகியவற்றைப் பார்த்து, கண்டதை ஒரு நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். எழுதாத எண்ணிக்கையால் பயன் குறைவு. ஏனென்றால் ஒரு நாளின் எண்ணிக்கையைவிட, அது கடந்த வாரத்திலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முடிவுக்கு உதவும்.

இனக்கவர்ச்சிப் பொறி இந்த எண்ணிக்கைக்கு நல்ல துணை. பெண் அந்துப்பூச்சியின் மணத்தைப் போலச் செய்த மருந்தை உள்ளே வைத்து ஆண் அந்துப்பூச்சிகளை இழுக்கும் புனல் வடிவப் பொறி இது. ஏக்கருக்கு ஐந்து பொறிகளைச் செடியின் உயரத்துக்கு ஓர் அடி மேலே கட்டி, உள்ளே விழுந்தவற்றைத் தினமும் எண்ணலாம். ஆண் பூச்சி மட்டுமே விழுவதால் இதை நம்பி வேறு வேலையை விட்டுவிட முடியாது. ஆனால் அந்துப்பூச்சி திடீரென்று கூடுதலாக விழுந்தால், அடுத்த சில நாட்களில் இலைகளில் முட்டை தேட வேண்டும் என்று அது நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

காய்ப்புழு: கணக்கு நன்றாகப் பொருந்தும் இடம்

தக்காளியில் நம் பகுதியில் பெரிய இழப்பைத் தருவது ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்னும் காய்ப்புழு. துவரை, பருத்தி, கொண்டைக்கடலை எதையும் இது விடுவதில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தியும் துவரையும் பூக்கும் காலத்தில் அங்கே பெருகும் அந்துப்பூச்சிகள், இரவில் நெடுந்தொலைவு பறக்க வல்லவை. பெண் பூச்சி தன் முட்டைகளைக் குவியலாக இடாமல் ஒவ்வொன்றாக, பூங்கொத்தை அடுத்த இளம் இலைகளில் இடுகிறது. முட்டை கசகசா அளவில், வெளிர்மஞ்சள் நிறத்தில், மேலிருந்து கீழாக வரிகளோடு இருக்கும். பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கறுத்துவரும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரித்து வரும் குஞ்சுப் புழு, முதல் சில நாட்கள் இலையையும் பூவையும் சுரண்டித் தின்றுவிட்டுப் பிறகே காய்க்குப் போகிறது. வளர்ந்த புழு தலையை மட்டும் காய்க்குள் நுழைத்து, பாதி உடல் வெளியே தெரியத் தின்றுகொண்டிருக்கும். துளையின் வாயில் ஈரமான எச்சம் அப்பிக் கிடக்கும். ஒரு காயை முழுதாகத் தின்று முடிக்காமலே அடுத்த காய்க்குத் தாவுவதுதான் இதன் கேடு. துளைபட்ட காய் அழுகுவதற்கு வழி திறந்துவிடுகிறது.

ஆகவே காலம் இங்கே மிகவும் முக்கியம். முட்டையும் குஞ்சுப் புழுவும் வெளியே இருக்கும் அந்த ஒரு வாரத்தில் செய்யும் வேலை பலன் தரும். புழு காய்க்குள் புகுந்த பிறகு மேலே படும் எந்த மருந்தும் அதைச் சரியாகத் தொடுவதில்லை. காயில் துளையைப் பார்த்துவிட்டு மருந்து தேடுகிறவர், பெரும்பாலும் ஒரு வாரம் பிந்திவிட்டார் என்றே கொள்ள வேண்டும். இலையில் முட்டை தேடும் பழக்கத்தை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தப் புழுவுக்கு மருந்துக்கு முன்பே செய்யக்கூடியவை பல. 25 நாள் தக்காளி நாற்றை நடும்போதே 40 நாள் கேந்தி (செண்டுமல்லி) நாற்றையும் பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை வீதம் நட்டால், தக்காளி பூக்கும் நேரத்தில் கேந்தியும் பூத்து நிற்கும். உயரமாக வளரும் கேந்தி ரகத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். அந்துப்பூச்சி கேந்தியின் மொட்டையும் பூவையும் மிகவும் விரும்பி அங்கே முட்டையிடும். கேந்தியில் சேரும் புழுக்களைப் பொறுக்கி அழிக்காவிட்டால் அந்த வரிசையே புழு வளர்க்கும் இடமாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பூவைச் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கோ தோவாளைப் பூச்சந்தைக்கோ அனுப்பினால் ஒரு தொகையும் கிடைக்கும்.

பூக்கத் தொடங்கியதும் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியை வாரம் ஒருமுறை ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 வீதம் விடலாம். காகித அட்டையில் ஒட்டி வரும் இந்தக் கடுகினும் சிறிய குளவி, காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதைப் பொரிக்கவிடாமல் செய்கிறது. அட்டை கட்டியிருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். குஞ்சுப் புழுக்கள் தெரியும்போது என்.பி.வி. என்னும் நச்சுயிரி (வைரஸ்) கரைசலை வெல்லக் கரைசலோடு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். சூரிய ஒளி அந்த நச்சுயிரியைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால் காலை வேளை ஆகாது. நோய் கண்ட புழு சில நாட்களில் செடியின் மேற்பகுதிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஒரே நாளில் புழு விழவில்லை என்று மறுநாளே வேறு மருந்தை எடுப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அது வேலை செய்ய நான்கிலிருந்து ஏழு நாள் வரை ஆகும்.

நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் இன்னொன்று வேப்பமுத்து. ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் தூளாக்கி, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பால் நிறம் வரக் கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து நூறு லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் ஐந்து விழுக்காடு கரைசல் கிடைக்கும். அதை அன்றே மாலையில் தெளித்துவிட வேண்டும். பொறுக்கி மூன்று மாதமாவது ஆன முத்தாகவும், எட்டு முதல் பத்து மாதத்துக்கு மேற்படாத முத்தாகவும் இருக்க வேண்டும் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய முத்து ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நல்ல பலன் தரும். ஆடிப்பட்டப் பயிரின் தொடக்கத்தில் கையில் இருப்பது போன ஆண்டு முத்து. அதன் வீரியம் குறைந்திருக்கும். வேம்பு, பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்து மெல்ல ஒடுக்குகிறது.

வெள்ளை ஈ: கணக்கு உதவாத இடம்

சேத நிலை என்ற கருத்தை எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாதிரி பொருத்தினால் தவறிவிடும். பெமிசியா டபாசி என்னும் வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ளது. அது உறிஞ்சும் சாற்றினால் வரும் இழப்பு பெரிதன்று. ஆனால் அது இலைச்சுருட்டு நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. நோய் கண்ட செடியில் சில மணி நேரம் உறிஞ்சிய ஈ, அதன்பின் பல நாட்கள் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். நட்ட முதல் மாதத்துக்குள் நோய் பிடித்த செடி குட்டையாகி, இலை மேல்நோக்கிச் சுருண்டு, பூ உதிர்ந்து, காய் என்று சொல்லும்படி ஒன்றும் தராது. அறிகுறி வெளியே தெரிவதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், தெரிந்த பிறகு எண்ணிப் பார்த்து முடிவெடுக்க இங்கே இடமில்லை.

ஆகவே வெள்ளை ஈயை எண்ணிக்கையால் அன்று, வயதால் கணக்கிட வேண்டும்: செடி எவ்வளவு இளையதோ அவ்வளவு கண்டிப்பு. நாற்றங்காலை விதைத்த நாளிலிருந்தே 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்கள் உள்ள) நைலான் வலையால் இடைவெளியின்றி மூடுவது, இந்த நோய்க்கு நாம் செய்யும் செலவுகளில் மிகப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. நட்ட வயலில் மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டலாம். வயலைச் சுற்றி, நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதைக்கலாம். வெள்ளை ஈ காற்றின் போக்கில் போகும் பூச்சி. ஆனி, ஆடியில் மேல்காற்று ஓங்கி வீசும் நம் ஊர்களில் மேற்கு ஓரத்து வேலிப்பயிரை இரண்டு மூன்று வரிசையாகப் போடுவது பொருத்தம். வரப்பில் நிற்கும் துத்தியில் வெள்ளை ஈ தங்கி வாழும். அதைப் பிடுங்கிவிட வேண்டும். முதல் மாதத்தில் சுருண்ட செடியைக் கண்டால் மனம் இரங்காமல் பிடுங்கி வயலுக்கு வெளியே அழிப்பதே நல்லது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற, இந்நோயைத் தாங்கும் வீரிய ரகங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

இலைப்பேனும் இதே வகை. அது பரப்பும் நச்சுயிரியால் குருத்து இலை வெண்கல நிறமாகிக் கருகும், காயில் வட்ட வட்டமாகத் திட்டுகள் விழும். அதற்கும் நாற்றங்கால் காப்பே முதல் வேலை.

இலையைத் துளைப்பவற்றில் இரண்டை வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து சென்றால் அது இலைத்துளைப்பான் ஈயின் வேலை. பார்க்கப் பயமாக இருந்தாலும் வளர்ந்த செடி அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். கோடாக இல்லாமல் அகன்ற கண்ணாடித் திட்டாக இருந்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கறுத்த எச்சமும் தெரிந்தால் அது டூட்டா அப்சொலூட்டா என்னும் அந்துப்பூச்சியின் புழு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 2006இல் ஸ்பெயினுக்கும் 2014இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. காம்பை அடுத்துக் காயில் குண்டூசி நுனி அளவு துளை போடும். இதற்கென்று தனி இனக்கவர்ச்சி மருந்து கிடைக்கிறது. தாக்கிய இலையையும் காயையும் வயலில் போடாமல் எடுத்து அழிப்பது அவசியம்.

கோடையில் இலையின் அடியில் நூலாம்படையோடு வரும் செஞ்சிலந்தி பூச்சியே அன்று. அதற்கு எட்டுக் கால்கள். பூச்சிமருந்துகள் பல அதைக் கொல்லாமல், அதைத் தின்னும் உயிர்களை மட்டும் கொன்று அதைப் பெருக்கிவிடும்.

மருந்து தேவைப்படும்போது

வரம்பைத் தாண்டிவிட்டால் மருந்தடிப்பதில் தவறில்லை, அதற்காகத்தானே எண்ணினோம். ஆனால் ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. 1987 வாக்கில் ஆந்திரத்துப் பருத்தியில் இதே காய்ப்புழு செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கி நின்று பெரும் அழிவை உண்டாக்கியது. கடையில் பெயர் மாற்றி வாங்கினாலும் உள்ளே உள்ள மருந்து ஒரே வகையாக இருக்கலாம் என்பதால், புட்டியில் உள்ள மருந்தின் வேதிப் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். அந்தச் சீட்டிலேயே தக்காளிக்கு அனுமதி உண்டா என்பதும், நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சளும் நீலமும் அதற்கடுத்த படிகள், பச்சை குறைந்தது. அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே விட வேண்டிய நாட்களும் அதில் குறித்திருக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கும் பயிரில் அந்த இடைவெளியைக் காப்பது எளிதன்று. காய் பறிக்கும் பருவத்தில் வேம்பையும் என்.பி.வி.யையும் முன்னே வைக்கச் சொல்வதன் முதல் காரணம் இது. நம் காயைச் சாப்பிடப்போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை.

ஐயம் வந்தால் தாக்கிய இலையையும் காயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோட்டக்கலைத் துறை அலுவலரையோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையையோ நேரில் அணுகலாம். கையில் எண்ணிக்கை எழுதிய நோட்டும் இருந்தால் அவர்கள் சொல்லும் விடை இன்னும் துல்லியமாக இருக்கும்.

விலை மிகவும் விழுந்து பறிப்பதையே நிறுத்தும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது நம் கணக்குப்படி மருந்து தேவையில்லை. ஆனால் கைவிட்ட தோட்டத்தில் வளரும் புழுவும் வெள்ளை ஈயும் அடுத்த தோட்டத்து இளம்பயிருக்குப் போகும். பறிப்பை நிறுத்தும் வாரத்திலேயே செடிகளைப் பிடுங்கி, பழுத்துக் கிடக்கும் காய்களை ஆழக் குழிதோண்டி மூடிவிட வேண்டும். காய்ப்புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. சித்திரையில் கோடை மழை பெய்த ஈரத்தில் ஓர் உழவு போட்டால் அவை மேலே வந்து வெயிலிலும் பறவைகளின் வாயிலும் அழியும். அடுத்த பட்டத்துக்கு அதே இடத்தில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காமல், மக்காச்சோளமோ உளுந்தோ விதைக்கலாம்.